வாசகர் கேள்வி–பதில்: ஷெரிஃப் வண்டி ஏன் வந்தது?

அமெரிக்காவில் பிள்ளைகளோடு சில மாதங்கள் தங்கிவிட்டுத் திரும்பிய வாசகர்கள் பலர், அங்கே தாம் பார்த்த ஷெரிஃப் அலுவலகத்தைப் பற்றிக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். எல்லாக் கேள்விகளும் ஒரே பொருளைச் சுற்றியே இருப்பதால், இந்த இதழின் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: என் மகளின் வீட்டு முகவரியில் ஹூஸ்டன் என்றே இருக்கிறது. பக்கத்து வீட்டில் திருட்டு நடந்து அவசர உதவி எண்ணான 911-ஐ அழைத்தபோது, ஹாரிஸ் கவுண்டி ஷெரிஃப் என்று எழுதிய வண்டிதான் வந்தது. ஹூஸ்டன் நகரப் போலீஸ் ஏன் வரவில்லை? (வாசகி, கும்பகோணம்)

அங்கே அஞ்சல் முகவரி ஒரு கணக்கு, நகராட்சி எல்லை வேறொரு கணக்கு. கடிதம் எந்த அஞ்சலகத்தின் வழியாக வருகிறதோ அந்த ஊரின் பெயர் முகவரியில் இருக்கும். அதனாலேயே வீடு அந்த நகரத்தின் எல்லைக்குள் இருக்கிறது என்று ஆகிவிடாது. கவுண்டி என்பது மாநிலத்துக்குள் நம் மாவட்டம் போன்ற ஒரு பிரிவு. 2020 கணக்கெடுப்பின்படி ஹாரிஸ் கவுண்டியின் மக்கள்தொகை 47 லட்சத்தைத் தாண்டியது. அவர்களில் ஏறக்குறைய 20 லட்சம் பேர், ஹூஸ்டன் உட்பட எந்த நகரத்தின் எல்லைக்குள்ளும் சேராத பகுதிகளில் குடியிருக்கிறார்கள். டெக்சாஸில் ஒரு மனை நிறுவனம், குடிநீருக்கும் கழிவுநீருக்கும் மட்டுமான தனி வரி வட்டாரம் ஒன்றை அமைத்துக்கொண்டு, நகராட்சியே இல்லாமல் ஆயிரக்கணக்கான வீடுகளைக் கட்டிவிட முடியும். உங்கள் மகள் வீடு வாங்கியிருப்பது அப்படிப்பட்ட குடியிருப்பாக இருக்கலாம். நகராட்சி இல்லாத இடத்தில் நகரப் போலீசும் இல்லை. அங்கே முதல் பொறுப்பு கவுண்டியின் ஷெரிஃபுக்கே.

நம் நாட்டில் எந்தக் குக்கிராமமும் மாநிலக் காவல்துறையின் ஏதாவது ஒரு காவல் நிலைய எல்லைக்குள் வந்துவிடும். அமெரிக்காவில் நகரம் தன் வரிப்பணத்தில் தன் போலீசை வைத்துக்கொள்கிறது. நகரங்கள் விட்டுவைத்த மிச்ச நிலம் முழுவதும் ஷெரிஃபின் கணக்கில் சேர்கிறது. ஹாரிஸ் கவுண்டியில் இதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. அங்கே எட்டு வட்டாரங்களுக்கு எட்டு கான்ஸ்டபிள்கள் (நம் ஊர்க் கடைநிலைக் காவலர்கள் அல்ல, வட்டாரக் காவல் தலைவர்கள்) தேர்தலில் வென்று பதவிக்கு வருகிறார்கள். அவர்களுக்குக் கீழும் ரோந்துப் படை இருக்கிறது. ஆகவே அடுத்த முறை வேறொரு வண்ணத்தில் வேறொரு வண்டி வந்தாலும் வியக்க வேண்டாம். குடியிருப்போர் சங்கமே பணம் கட்டி, தங்கள் பகுதிக்கென்று டெபுடிகளை (ஷெரிஃபுக்கோ கான்ஸ்டபிளுக்கோ கீழ் பணியாற்றும் காவலர்களை) ஒப்பந்தத்தில் அமர்த்திக்கொள்ளும் வழக்கமும் அங்கே பரவலாக உள்ளது. அந்த டெபுடி தன் பணிநேரத்தில் 70 அல்லது 80 சதவீதத்தை அந்தக் குடியிருப்பில் செலவிடுவார். மீதி நேரம் பொதுப் பணிக்கு. வசதியான குடியிருப்பு கூடுதல் காவலை விலைக்கு வாங்குகிறது என்ற விமர்சனம் இதன்மீது நெடுங்காலமாக உண்டு, அதில் நியாயமும் இருக்கிறது.

கேள்வி: ஷெரிஃப் என்பவர் நம் மாவட்ட எஸ்.பி. போன்றவர்தானே? (வாசகர், விருதுநகர்)

ஒரு பாதி மட்டுமே. எஸ்.பி. தேர்வெழுதி வந்து, அரசு மாற்றும் இடத்துக்குப் போகிறவர். ஷெரிஃப் பெரும்பாலான மாநிலங்களில் கவுண்டி மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பவர். பதவிக்காலம் பொதுவாக நான்கு ஆண்டுகள். நாட்டில் 3,000-க்கும் மேற்பட்ட கவுண்டிகள் இருப்பதால் ஷெரிஃபுகளும் ஏறக்குறைய அதே எண்ணிக்கையில் இருக்கிறார்கள். விதிவிலக்குகளும் உண்டு: அலாஸ்காவில் கவுண்டி அமைப்பே கிடையாது, கனெக்டிகட் 2000-இல் அந்தப் பதவியை ஒழித்துவிட்டது.

வேலையிலும் வேறுபாடு உண்டு. ரோந்து, வழக்கு விசாரணை ஆகியவற்றோடு, கவுண்டி சிறையை நடத்துவதும், நீதிமன்றத்துக்குக் காவல் நிற்பதும், சம்மன் கொண்டுபோய்க் கொடுப்பதும், நீதிமன்ற உத்தரவின்படி வாடகைக்குடியிருப்பவரை வெளியேற்றுவதும் அவர் அலுவலகத்தின் கடமைகள். கலிபோர்னியாவின் பெரும்பாலான கவுண்டிகளில் சந்தேக மரணங்களை ஆராயும் பிரேத விசாரணை அதிகாரியும் ஷெரிஃபே. நம் கணக்கில் எஸ்.பி., சிறைக் கண்காணிப்பாளர், நீதிமன்ற அமீனா ஆகிய மூவரையும் ஒரே நாற்காலியில் உட்கார வைத்தது போன்ற பதவி இது.

கேள்வி: ரோந்து டெபுடி ஒருவர் ஒரு பணிநேரத்தில் உண்மையில் என்னென்ன செய்கிறார்? வண்டியில் சுற்றிக்கொண்டே இருப்பதுதான் வேலையா? (வாசகர், ஈரோடு)

கவுண்டியை வட்டாரங்களாகவும், ஒவ்வொரு வட்டாரத்தையும் பீட்டுகள் என்ற சிறு ரோந்துப் பகுதிகளாகவும் பிரித்து, ஒரு பீட்டுக்கு ஒரு டெபுடி என்று அனுப்புவதே பொதுவான ஏற்பாடு. பணிமுறை எட்டு, பத்து அல்லது பன்னிரண்டு மணி நேரமாக இருக்கும். தொடங்கும்போது சார்ஜென்ட் முன்னிலையில் சுருக்கமான கூட்டம் நடக்கும். முந்தைய பணிமுறையில் நடந்தவை, தேடப்படும் வண்டிகள், எந்த வீட்டில் குடும்பத் தகராறு மீண்டும் கிளம்பக்கூடும் என்பவை அங்கே பேசப்படும். பிறகு வண்டியைச் சோதிக்க வேண்டும். பின் இருக்கையைத் தூக்கி, இடுக்குகளில் ஒளியடித்துப் பார்த்து, எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பின்பே டெபுடி கிளம்புவார். கைதான ஒருவரை ஏற்றி இறக்கிய பின்னும் அதே சோதனையை மறுபடி செய்வார். இருக்கைக்கடியில் போதைப்பொருள் பொட்டலம் கிடைத்தால், அது கடைசியாக அங்கே உட்கார்ந்தவருடையது என்று நீதிமன்றத்தில் சொல்ல முடிய வேண்டும் அல்லவா? பழகிய டெபுடிகள் இந்தச் சோதனையை எளிதில் தவறவிடுவதில்லை.

முன்னிருக்கைக்கு அருகே கணினி பொருத்தியிருக்கும். கட்டுப்பாட்டு அறை அனுப்பும் அழைப்பு, முகவரி, அந்த வீட்டின் பழைய அழைப்புகள், வண்டி எண்ணுக்குரியவரின் விவரம் எல்லாம் அதில் தெரியும். நீள்துப்பாக்கி பூட்டி வைக்கப்பட்டிருக்கும். முதலுதவிப் பையில் இரத்தப்போக்கை நிறுத்தும் இறுக்குப்பட்டையும், ஓபியாய்டு போதை மிகையாகி மூச்சு நின்றவரை மீட்கும் நலோக்சோன் மருந்தும் இப்போது பல அலுவலகங்களில் கட்டாயப் பொருள்களாகிவிட்டன. கிராமப்புறச் சாலையில் ஆம்புலன்ஸுக்கு முன்பே டெபுடி போய்ச் சேர்வது அடிக்கடி நடப்பதால், உயிர் பிழைப்பதும் பிழைக்காததும் அந்தப் பையைப் பொறுத்ததாக ஆகிவிடுகிறது.

நம் ரோந்து வாகனத்தில் ஓட்டுநர் ஒருவர், உதவி ஆய்வாளர் ஒருவர், காவலர்கள் இருவர் என்று பார்த்துப் பழகிய கண்ணுக்கு, அங்கே ஒருவரே வண்டியை ஓட்டி, வயர்லெஸில் பேசி, கதவைத் தட்டி, விசாரித்து, அறிக்கையும் எழுதுவது விசித்திரமாகத் தோன்றும். கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோ கவுண்டியின் பரப்பு சுமார் 52,000 சதுர கிலோமீட்டர். கேரளம் முழுவதையும்விட அது பெரியது. அதன் பாலைவனப் பகுதியில் ஒரு டெபுடி துணைக்கு ஆள் கேட்டால், அடுத்த வண்டி வந்து சேர அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம். தொலைதூர ஊர்களில் டெபுடியையே அங்கே குடியமர்த்திவிடும் வழக்கம் பல கவுண்டிகளில் இருப்பது இதனால்தான். துணை தொலைவில் இருக்கும்போது பேச்சே முதல் ஆயுதமாகிவிடுகிறது. ஐந்து பேர் வாய்ச்சண்டையில் நிற்கும் முற்றத்தில் தனியாக இறங்கும் ஒருவர், குரலை உயர்த்துவதா தாழ்த்துவதா என்பதை வண்டியை நிறுத்தும் முன்பே முடிவு செய்திருப்பார்.

வரும் அழைப்புகளில் பெரும்பகுதி குற்றமே அல்ல. திருட்டு எச்சரிக்கை மணி வீணாக அடித்தது, பக்கத்து வீட்டில் இரைச்சல், கார்கள் உரசிக்கொண்டது, பள்ளி முடிந்தும் வீடு திரும்பாத பிள்ளை, தூக்கத்திலேயே இறந்துபோன முதியவர் என்று வரிசை நீளும். இவற்றுக்கெல்லாம் அறிக்கை எழுத வேண்டும். பணிநேரத்தில் கணிசமான பங்கு தட்டச்சிலேயே போகிறது.

சும்மா சுற்றுவதால் பயன் உண்டா என்ற கேள்விக்கு ஒரு பழைய சோதனை இருக்கிறது. 1972-73இல் கன்சாஸ் சிட்டி நகரப் போலீசார் சில பீட்டுகளில் வழக்கமான ரோந்தை அறவே நிறுத்தி, அழைத்தால் மட்டும் போனார்கள். சிலவற்றில் ரோந்தை இரண்டு மூன்று மடங்காக்கினார்கள். சிலவற்றைப் பழையபடியே விட்டார்கள். குற்றத்திலும் மக்களின் அச்சத்திலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் தெரியவில்லை. அதன் பிறகு, குற்றம் குவியும் சில தெருமுனைகளில் மட்டும் நேரத்தைச் செலவிடும் முறை வளர்ந்தது. ஆனால் கவுண்டி ரோந்துக்கு இந்த முடிவை அப்படியே பொருத்த முடியாது. அங்கே வண்டி சாலையில் இருப்பதன் முதல் காரணமே, அழைப்பு வரும்போது தொலைவு கொஞ்சமாவது குறைந்திருக்க வேண்டும் என்பதுதான்.

கேள்வி: மகன் காரை ஓட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் விளக்குச் சுழன்றது. நான் மரியாதைக்காக இறங்கி அதிகாரியை நோக்கி நடந்தேன். அவர் உரத்த குரலில் என்னைக் காருக்குள் போகச் சொன்னார். நான் செய்தது தவறா? (வாசகர், நாமக்கல்)

நம் ஊரில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, காகிதங்களை எடுத்துக்கொண்டு அதிகாரியிடம் நடந்து போவதுதான் பணிவு. அங்கே அது நேர் எதிராகப் புரிந்துகொள்ளப்படும். இறங்கி நெருங்கி வரும் மனிதர் தாக்க வரக்கூடும் என்று எச்சரிக்கையாக இருக்கும்படி டெபுடிகளுக்குப் பயிற்சி தரப்படுகிறது. சாலையின் வலது ஓரத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, இரவானால் உள்விளக்கைப் போட்டு, ஓட்டுபவர் கைகளை ஸ்டியரிங்கின் மீதும் மற்றவர்கள் மடியின் மீதும் தெரியும்படி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதே முறை. உரிமத்தையும் காப்பீட்டுச் சான்றையும் கேட்ட பிறகே எடுக்க வேண்டும். அவை காரின் முன்பக்கச் சிறுபெட்டியில் இருந்தால், “அங்கே இருக்கிறது, எடுக்கட்டுமா?” என்று சொல்லிவிட்டு எடுப்பது நல்லது.

டெபுடியின் பக்கத்திலிருந்து பாருங்கள். வண்டியை நிறுத்தும் முன்பே அவர் இடத்தையும் எண் பலகையையும் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லியிருப்பார். தனக்கு ஏதாவது நேர்ந்தால் தேடி வர ஒரு தொடக்கம் வேண்டும் என்பதற்காக. போக்குவரத்து வேகமாக இருந்தால் ஓட்டுநர் பக்கம் வராமல் எதிர்ப்பக்கச் சன்னலுக்கு வருவார். அவர்களுடைய அச்சம் வெறும் கற்பனை அல்ல. ஹாரிஸ் கவுண்டியின் முதல் சீக்கிய டெபுடியான சந்தீப் சிங் தாலிவால், 2019 செப்டம்பர் 27 அன்று வழக்கமான வாகனச் சோதனை ஒன்றின்போது தன் வண்டிக்குத் திரும்புகையில் பின்னாலிருந்து சுடப்பட்டு இறந்தார். தாடியும் தலைப்பாகையுமாகப் பணியாற்ற 2015-இல் அவருக்கு அனுமதி கிடைத்திருந்தது. ஹூஸ்டனில் ஓர் அஞ்சலகம் இப்போது அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது.

இந்த அச்சம் மறுபக்கம் எத்தனை அப்பாவி ஓட்டுநர்களின் உயிரைக் குடித்திருக்கிறது என்பதும் அமெரிக்கர்கள் அறிந்ததே. அதனால்தான் உடற்கேமராவும் வண்டிக் கேமராவும் இன்று பல அலுவலகங்களில் வழக்கத்துக்கு வந்திருக்கின்றன.

கேள்வி: ஷெரிஃப் அலுவலகத்தில் ஹெலிகாப்டர், படகு, குதிரை, வெடிகுண்டு என்று பல சிறப்புப் பிரிவுகள் இருப்பதாகப் படித்தேன். ஒரு கவுண்டிக்கு இத்தனை எதற்கு? (வாசகர், கோயம்புத்தூர்)

பிரிவுகளின் பட்டியலைப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டடமும் தனிப் படையும் இருப்பது போலத் தோன்றும். லாஸ் ஏஞ்சலிஸ் போன்ற மிகப் பெரிய அலுவலகங்களில் அது ஓரளவு உண்மை. மற்ற பெரும்பாலான கவுண்டிகளில், சிறப்புப் பிரிவு என்பது ரோந்து டெபுடி கூடுதலாகச் சுமக்கும் இரண்டாவது வேலை. செவ்வாய்க்கிழமை இரவு பீட்டில் சுற்றிக்கொண்டிருப்பவரின் வண்டிப் பின்பெட்டியிலேயே ஸ்வாட் என்ற சிறப்பு ஆயுதப் பிரிவின் கவச உடையும் தலைக்கவசமும் கிடக்கும். அழைப்பு வந்ததும் பீட்டை வேறொருவரிடம் விட்டுவிட்டுப் போவார். மாதத்தில் சில நாள்கள் பயிற்சி, மற்ற நாள்களில் வழக்கமான ரோந்து. சிறிய கவுண்டிகள் பக்கத்துக் கவுண்டிகளோடு சேர்ந்து ஒரே பிரிவை நடத்துவதும் உண்டு. இந்த உண்மையை விட்டுவிட்டுச் சிறப்புப் பிரிவுகளைப் பற்றிப் பேசினால் படம் கோணலாகிவிடும்: அங்கே ஆளைக் கொடுப்பது ரோந்து, ஆள் போன பிறகு காலியாகக் கிடப்பதும் ரோந்தே.

ஸ்வாட் என்ற யோசனை 1960களின் இறுதியில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரப் போலீசில் பிறந்தது. வீட்டுக்குள் ஆயுதத்தோடு கதவடைத்துக்கொண்டவர், பிணைக்கைதிகள், ஆபத்தான பிடியாணை ஆகியவை அதன் வேலை. அதோடு கூடவே பேச்சுவார்த்தைக் குழுவும் போகும்; வெளியில் தெரியாத இந்தக் குழு மணிக்கணக்கில் தொலைபேசியில் பேசிப் பேசி முடித்துவைக்கும் சம்பவங்கள் செய்தியாவதில்லை. இராணுவத்தின் உபரிப் பொருள்களை மத்திய அரசு காவல் அலுவலகங்களுக்குக் கொடுக்கும் திட்டத்தால், சில ஆயிரம் பேர் வாழும் கவுண்டிகளுக்குக்கூடக் கவச வண்டிகள் வந்து சேர்ந்தன. கருவி கையில் இருந்தால் அதைப் பயன்படுத்தும் ஆசையும் வரும் என்பதால், அந்தக் கொடையைப் பற்றிய சண்டை இன்னும் ஓயவில்லை.

வெடிகுண்டுப் பிரிவில் மட்டும் அரைகுறைப் பயிற்சிக்கு இடமில்லை. நாட்டின் எந்த நகரத்தில், எந்தக் கவுண்டியில் பணியாற்றினாலும், வெடிகுண்டைக் கையாளும் காவலர் அலபாமா மாநிலத்தின் ஹன்ட்ஸ்வில்லில் மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. நடத்தும் ஒரே பள்ளியில் தேறியிருக்க வேண்டும். அவர்கள் அணியும் கவச உடையின் எடை 35 கிலோவுக்கு மேல் இருக்கும். ஆகவே முடிந்தவரை ரோபோவையே அனுப்புகிறார்கள்.

நீர்ப் பிரிவு என்றால் கடலோரம் மட்டும் என்று எண்ண வேண்டாம். ஏரி, ஆறு, கால்வாய் உள்ள எந்தக் கவுண்டிக்கும் அது தேவை. மூழ்கியவர்களைத் தேடும் டெபுடிகள் பெரும்பாலும் கலங்கல் நீரில், முகத்துக்கு முன் நீட்டிய கை தெரியாத இருட்டில் வேலை செய்கிறார்கள். கரையில் நிற்பவர் பிடித்திருக்கும் கயிற்றை வழிகாட்டியாகக் கொண்டு, அடித்தளத்தைக் கைகளால் துழாவித் துழாவி நகர்வார்கள். 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் ஹூஸ்டன் வட்டாரத்தில் சில நாள்களில் ஓராண்டு மழையைக் கொட்டியபோது, படகுப் பிரிவு மட்டும் போதவில்லை. ரோந்து டெபுடிகள் உயரமான லாரிகளிலும், பொதுமக்கள் கொண்டுவந்த மீன்பிடிப் படகுகளிலும் ஏறித் தெருத்தெருவாக ஆட்களைத் தூக்கி வந்தார்கள். பிரிவு என்ற கோடுகளெல்லாம் அந்த வாரத்தில் அழிந்துபோயின.

நம் வாசகர்களுக்கு வியப்பாக இருக்கக்கூடியது கால்நடைப் பிரிவு. டெக்சாஸ் சட்டப்படி, உரிமையாளர் தெரியாமல் திரியும் மாட்டையும் குதிரையையும் பிடித்துக் கட்டுவது ஷெரிஃபின் கடமை. ஹாரிஸ் கவுண்டியில் இதற்கென்றே டெபுடிகளும் இழுவை வண்டிகளும் தொழுவமும் இருக்கின்றன. பிடித்த விலங்கைப் பற்றி அறிவிப்பு வெளியிட்டு, உரியவர் வந்தால் செலவுத் தொகையை வாங்கிக்கொண்டு கொடுத்துவிடுவார்கள். யாரும் வராவிட்டால் பொது ஏலம். நம் ஊர்களில் கால்நடைப் பட்டி செய்துவந்த வேலையேதான். பெருநகரத்தின் விளிம்பில், ஆறுவழிச் சாலையின் நடுவே இரவு இரண்டு மணிக்கு ஒரு காளை நின்றால், அது நகைச்சுவை அல்ல, கோர விபத்துக்கான முன்னறிவிப்பு.

மலையும் பாலைவனமும் உள்ள கவுண்டிகளில் தேடுதல்–மீட்புப் பிரிவே பெரியது. கலிபோர்னியாவில் இது ஷெரிஃபின் பொறுப்பு. ஆனால் தேடி மலையேறுகிறவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். பொறியாளரும் செவிலியரும் ஆசிரியரும் இரவில் அழைப்பு வந்தால் கயிற்றையும் பனிக்கோடரியையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். 2023 ஜனவரியில் பிரிட்டிஷ் நடிகர் ஜூலியன் சாண்ட்ஸ் சான் பெர்னார்டினோ கவுண்டியின் பால்டி மலையில் காணாமல் போனபோது, பனிச்சரிவு அபாயத்தால் தரைவழித் தேடலைப் பலமுறை நிறுத்த வேண்டியதாயிற்று. ஹெலிகாப்டரும் டிரோனும் மாதக்கணக்கில் பறந்தன. கடைசியில் ஜூன் மாதத்தில் அவ்வழியே நடந்த மலையேற்றக்காரர்களே அவருடைய உடலின் எஞ்சிய பகுதிகளைக் கண்டார்கள்.

கேள்வி: போக்குவரத்து விதிமீறலுக்காக நிறுத்திய காரை, மோப்ப நாய் வரும்வரை காத்திருக்கச் செய்ய முடியுமா? (வாசகர், சேலம்)

காரணமில்லாமல் முடியாது. நிறுத்திய வேலைக்குத் தேவைப்படும் நேரத்தைத் தாண்டி, வேறு நியாயமான சந்தேகம் இல்லாமல், நாய்க்காக மட்டும் நிறுத்தி வைப்பது அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2015-இல் தீர்ப்பளித்தது. கஞ்சா சட்டபூர்வமான மாநிலங்களில் நாய்களுக்கே வேலை போன கதையும் உண்டு. நாய் தான் மோப்பம் பிடித்தது கஞ்சாவா ஹெராயினா என்று பிரித்துச் சொல்லாது. கற்றதை மறக்கவும் செய்யாது. எனவே கஞ்சா மணத்துக்குப் பழக்கிய பல நாய்களுக்கு முன்கூட்டியே ஓய்வு கொடுத்துவிட்டு, அந்த மணமே அறியாத புதிய நாய்களைப் பழக்கினார்கள்.

கேள்வி: மனநலம் பாதிக்கப்பட்டவரைக் கையாளவும் ஆயுதம் தாங்கிய டெபுடிதான் வருவாரா? (வாசகி, புதுச்சேரி)

பல இடங்களில் இன்னும் அப்படித்தான். 1987-இல் மெம்ஃபிஸ் நகரில், கத்தியோடு நின்ற மனநோயாளி ஒருவரைப் போலீசார் சுட்டுக் கொன்றதை அடுத்து, மறு ஆண்டு அங்கே 40 மணி நேரச் சிறப்புப் பயிற்சி பெற்ற காவலர் குழு உருவானது. அந்த முறை நாடெங்கும் பரவியது. ஹாரிஸ் கவுண்டி ஒரு படி மேலே போய், டெபுடியையும் மனநலச் சிகிச்சையாளரையும் ஒரே வண்டியில் அனுப்புகிறது. சிகிச்சையாளர் கிடைக்காத அழைப்புகளில், ரோந்து டெபுடி தன் டேப்லெட்டில் அவரைத் திரையில் வரவழைத்து நோயாளியோடு பேச வைக்கும் ஏற்பாட்டையும் அது தொடங்கியது. சிறைக்குப் போவதா மருத்துவமனைக்குப் போவதா என்பது அந்தப் பேச்சில் தீர்மானமாகிவிடும். 2022 ஜூலை முதல் மனநல நெருக்கடிக்கென்று 988 என்ற தனி எண் நாடு முழுவதும் செயல்படுகிறது. ஆயுத ஆபத்து இல்லாத நிலையில் முதலில் அழைக்க வேண்டியது அதையே.

கேள்வி: அங்கே தனியாகத் தங்கிப் படிக்கும் மகன் மூன்று நாளாகத் தொலைபேசியை எடுக்கவில்லை என்றால், இங்கிருந்து நாங்கள் என்ன செய்வது? (வாசகர், திருநெல்வேலி)

இங்கிருந்து 911-ஐ அழைத்தால் அமெரிக்காவுக்குப் போய்ச் சேராது. மகன் குடியிருக்கும் இடம் நகரப் போலீசின் எல்லையா ஷெரிஃபின் எல்லையா என்பதை முன்கூட்டியே அவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்த அலுவலகத்தின் அவசரமல்லாத அழைப்புக்கான பத்து இலக்க எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் 001 சேர்த்து அழைத்து, நலம் விசாரிக்க ஆள் அனுப்பும்படி கேட்கலாம். முழு முகவரி, அடுக்குமாடி எண், பிறந்த தேதி, கார் எண், கடைசியாகப் பேசிய நாள், உடல்நலக் குறைவு ஏதேனும் இருந்தால் அது, இவை கையில் இருக்கட்டும். ஆங்கிலத்தில் தடுமாற்றம் இருந்தால் தமிழ் என்று ஒரு சொல் சொன்னால் போதும். பல மையங்கள் தொலைபேசி மொழிபெயர்ப்பாளரை இணைப்பில் சேர்க்கும்.

டெபுடி போய்க் கதவைத் தட்டுவார், அக்கம்பக்கத்தில் விசாரிப்பார், கார் நிற்கிறதா, தபால் குவிந்திருக்கிறதா என்று பார்ப்பார். உள்ளே ஒருவருக்கு ஆபத்து என்று நம்பக் காரணம் இருந்தாலன்றி பூட்டை உடைக்க மாட்டார்; நலம் விசாரிப்பது என்ற பெயரில் மட்டும் வாரண்ட் இல்லாமல் வீட்டுக்குள் புகக்கூடாது என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஒரு செய்திக்கும் மனத்தைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள்: மகன் நலமாக இருந்து, பெற்றோரிடம் எதுவும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டால், வயது வந்தவர் என்பதால், “பார்த்தோம், நலமாக இருக்கிறார்” என்பதற்கு மேல் உங்களுக்குத் தகவல் கிடைக்காமல் போகலாம்.

கேள்வி: காவல் அதிகாரியை மக்களே தேர்ந்தெடுப்பது நல்ல முறைதானே? (வாசகர், தஞ்சாவூர்)

நல்லவர் வந்தால் நல்ல முறை. அரிசோனாவின் மாரிகோபா கவுண்டியில் ஜோ அர்பையோ 1993 முதல் 2016 வரை ஆறு முறை தொடர்ந்து ஷெரிஃபாக இருந்தார். கைதிகளைப் பாலைவன வெயிலில் கூடாரங்களில் அடைத்ததற்காகவே அவருக்கு வாக்குகள் குவிந்தன. அவருடைய ரோந்து டெபுடிகள் சின்னச் சின்ன விதிமீறலைச் சாக்காக வைத்து லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரின் கார்களைத் தேடித் தேடி நிறுத்துகிறார்கள் என்ற வழக்கில், 2013-இல் மத்திய நீதிமன்றம் அது இனப் பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கத்தைக் கைவிடச் சொன்ன நீதிமன்ற உத்தரவை மீறியதற்காக 2017 ஜூலையில் அவமதிப்புக் குற்றவாளி என்று தீர்ப்பானார். அடுத்த மாதமே குடியரசுத் தலைவர் டிரம்ப் மன்னிப்பு வழங்கினார். வழக்கின் செலவுகளும் நீதிமன்றம் விதித்த கண்காணிப்பும் கவுண்டியின் வரிப்பணத்தில் பல கோடி டாலர்களை விழுங்கின.

பெரும்பான்மையினர் வாக்களிக்கும் பதவி, சிறுபான்மையினரின் தெருவில் எப்படி நடந்துகொள்கிறது என்பதைத் தேர்தல் அளப்பதில்லை. மறுபக்கம், நள்ளிரவு மாற்றல் உத்தரவுக்கு அஞ்சி நடுங்கும் நம் ஊர் அதிகாரியை நினைத்தால், யாருக்கும் அஞ்ச வேண்டாத அந்தப் பதவியின் மீது கொஞ்சம் பொறாமையும் வருகிறது. 2016-இல் அர்பையோவை வீட்டுக்கு அனுப்பியதும் அதே வாக்காளர்கள்தாம்.

கேள்வி: சென்னையிலும் ஷெரிஃப் இருந்தாராமே? (வாசகர், மயிலாப்பூர்)

இருந்தார். இங்கிலாந்திலிருந்து இரு திசைகளில் பயணப்பட்ட பதவி அது. மதராசில் 18ஆம் நூற்றாண்டில், நீதிமன்றத்தின் ஆணைகளை நிறைவேற்றவும் ஜூரிகளைத் திரட்டவும் கம்பெனிக் காலத்தில் ஏற்பட்டது. பின்னாளில் விருந்தினரை வரவேற்கும் ஓராண்டுக் கௌரவப் பதவியாகச் சுருங்கி, 1990களின் இறுதியில் ஒழிக்கப்பட்டது. ரோந்தும் சிறையும் அதற்கு ஒருபோதும் அமெரிக்க அளவில் வாய்க்கவில்லை.

கேள்வி: அங்கேயே பிறந்து வளர்ந்த என் பேரன் டெபுடியாக வேண்டும் என்கிறான். வழி என்ன? (வாசகி, காரைக்குடி)

பிறப்பால் குடிமகன் என்பதால் தடையில்லை. முழுப் பணியில் சேரும் வயது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிபோர்னியாவில் அடிப்படைப் பயிற்சிக்கு மாநிலம் வைத்திருக்கும் குறைந்த அளவு 664 மணி நேரம். அதன்பின் அனுபவமுள்ள ஒருவரின் பக்கத்து இருக்கையில் குறைந்தது பத்து வாரம் களப் பயிற்சி. லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டியில் சேருபவர்கள் பொதுவாக முதல் சில ஆண்டுகளைச் சிறையில் காவல் பணியில் கழித்த பிறகே ரோந்துக்கு வருகிறார்கள். சிறப்புப் பிரிவில் கண் இருந்தாலும் ரோந்தில் சில ஆண்டுகள் கழித்தாக வேண்டும் என்பதைப் பேரனிடம் இப்போதே சொல்லி வையுங்கள். பள்ளிப் பருவத்தினராக இருந்தால், பல ஷெரிஃப் அலுவலகங்கள் பதினான்கு வயது முதல் சேர்த்துக்கொள்ளும் எக்ஸ்ப்ளோரர் என்ற இளைஞர் திட்டம் இருக்கிறது. சற்றுப் பெரியவராகிவிட்டால், முன்னனுமதி பெற்று ஒரு பணிநேரம் முழுவதும் ரோந்து வண்டியில் உடன் செல்லலாம். அந்த விண்ணப்பம் பெரும்பாலும் அலுவலகத்தின் இணையதளத்திலேயே கிடைக்கும்.